மாற்றுப் பெட்டி

மார்ச் 3, ஞாயிறு

இன்று நிகழ்ச்சி இல்லை. மாற்றுப் பெட்டியைத் திறந்து துடைத்தேன்.

உள்ளே: பாட்டோடு பாட்டைச் சேர்க்கிற மிக்சர் ஒன்று, லேப்டாப் ஒன்று, ஹெட்போன் ஒன்று, மைக் ஒன்று, ஒயர் வகைக்கு இரண்டு, ஃபியூஸ், டேப், டார்ச், டார்ச்சுக்கு பேட்டரி, அந்த பேட்டரி தீர்ந்தால் இன்னொரு பேட்டரி. அப்புறம் ஒரு பழைய ஃபோன். அதில் இருபது நிமிடம் நிற்காமல் ஓடுகிற பாட்டுத் தொகுப்பு இருக்கிறது. எல்லாம் படுத்துவிட்டால் ஃபோனை நேராக ஸ்பீக்கரில் செருகிவிடலாம். ஆடுகிறவர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டலாம். மிக்சரை மாற்ற எனக்கு ஐம்பது விநாடி. சாப்பாட்டு மேசையில் வைத்து, ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டுப் பழகியது.

மூடியின் உட்புறம் மூன்று விதிகளை பெயின்டால் எழுதி வைத்திருக்கிறேன். மாற்று இல்லாத சாமானை மேடையில் ஏற்றாதே. கோளாறு வந்தால் முகத்தில் காட்டாதே. மாற்றுப் பெட்டியில் இருந்து எடுத்ததை நம்பி அடுத்த நிகழ்ச்சிக்குக் கிளம்பாதே, முதலில் அதற்கு ஒரு மாற்றைத் தேடு.

டி.ஜே. வேலைக்கு வந்து பதினான்கு வருடம். கல்யாணம், பிறந்தநாள், கம்பெனி விழா, ஒரு தடவை விவாகரத்து விருந்துகூட. எந்த ஹாலிலும் என் பாட்டு நடுவில் நின்றதில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை.

பெருமைக்காகத்தான் எழுதினேன்.

மனைவி கொஞ்ச நாளாகச் சாப்பாட்டு மேசையில் இடம் மாறி உட்காருகிறாள். எப்போதும் என் இடது பக்கம் உட்காருகிறவள், இப்போது வலது பக்கம். ஏன் என்று கேட்டேன். "அங்க ஃபேன் காத்து வரல" என்றாள். ஃபேன் நடுவில்தான் சுற்றுகிறது.

மார்ச் 7, வியாழன்

மச்சினன் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தான். ஏப்ரல் 7, ஞாயிறு மாலை வரவேற்பு. எட்டு வருடமாக லீவு நாளில் எல்லாம் என் ஸ்பீக்கரைச் சுமந்தவன். முப்பத்து நான்கு வயதில் பெண் அமைந்திருக்கிறது.

"அத்தான், பாட்டு நீங்கதான் போடணும். வேற ஆள் போட்டா நான் மேடையை விட்டு இறங்கிப் போயிடுவேன்."

இறங்கிப் போக மாட்டான். ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது. அறுபது பாட்டுக்கு ஒரு பட்டியல் கொடுத்தான். அதில் நாற்பது, நான் கேட்டாலே முகம் சுளிக்கிற பாட்டு. எல்லாவற்றையும் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அவனை வண்டியில் கொண்டுபோய் விட்டுத் திரும்பும்போது மனைவி என்னவோ கேட்டிருக்கிறாள். நான் பதில் சொல்லவில்லையாம். "வண்டியில உங்ககிட்ட பேசுறது செவிடன் காதுல ஊதின சங்கு" என்றாள். இது கேட்டது. எஞ்சின் சத்தம் என்று சொன்னேன்.

"அந்த எஞ்சின் எனக்கும்தான் ஓடுது."

மார்ச் 9, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. மதியம் மூன்று மணி. நூற்றைம்பது பேர். கழுத்தில் அடையாள அட்டையோடு ஆடுகிற கூட்டம். ஓடுகிற பாட்டு ஹாலுக்கு, அடுத்த பாட்டு ஹெட்போன் வழியாக என் இடது காதுக்கு மட்டும். ஹெட்போனை இடது தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, அடுத்ததைக் கேட்டுச் சரிபார்த்து, ஓடுகிறதோடு சேர்த்துவிட வேண்டும். என் தொழில் மொத்தமும் இவ்வளவுதான்.

மூன்று நாற்பதுக்கு ஹெட்போன் செத்துவிட்டது. திடீரென்று. ஒரு டக்கும் இல்லை, கரகரப்பும் இல்லை.

முகத்தில் காட்டவில்லை. மாற்று ஹெட்போனை எடுத்தேன். அதிலும் சத்தம் இல்லை. செருகுகிற முனையை மாற்றினேன். இல்லை. சரி, மிக்சர். பழைய ஃபோனை ஸ்பீக்கரில் செருகிவிட்டு மிக்சரைக் கழற்றினேன், மாற்று மிக்சரை மாட்டினேன். நாற்பத்தெட்டு விநாடி. இல்லை. லேப்டாப்பை மாற்றினேன். இல்லை.

ஆக, மாற்றுப் பெட்டி காலி. பதினான்கு வருடத்தில் முதல் தடவை.

மீதி ஒன்றரை மணி நேரம் லேப்டாப் திரையில் ஓடுகிற கோடுகளைக் கண்ணால் பார்த்தே பாட்டைச் சேர்த்தேன். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் மேனேஜர் வந்து கை கொடுத்து, "சூப்பர் சார்" என்றார். சட்டை முழுக்க வியர்வை. காதுக்குள் வண்டு இரைகிறது. நிகழ்ச்சி முடிந்தால் எப்போதும் வருகிற வண்டுதான், இன்று கொஞ்சம் பெரியது.

மார்ச் 10, ஞாயிறு

வீட்டில் எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்தேன். இரண்டு ஹெட்போனும் ஊமை. அசலும் மாற்றும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் ராஜினாமா செய்திருக்கின்றன.

அந்த ஹாலில் வருகிற கரண்ட்தான் காரணம். ஹால் மேனேஜரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். "எங்க ஃபிரிட்ஜ் நல்லாத்தானே சார் ஓடுது" என்றான். ஃபிரிட்ஜுக்குக் காதா இருக்கிறது.

மார்ச் 11, திங்கள்

ரிப்பேர்க்கடை. ரிப்பேர்க்கார அண்ணன் நல்ல மனிதர், ஆனால் அவசரம் என்ற வார்த்தையே அவர் அகராதியில் கிடையாது. ஹெட்போனைக் காதில் வைத்துப் பார்த்தார்.

"கேக்குதே தம்பி."

விட்டு விட்டு வருகிற கோளாறாக இருக்கும் என்றேன். இரண்டு மிக்சர், இரண்டு ஹெட்போன், எல்லா ஒயரையும் விட்டுவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.

இடது காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது. குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும். ஒற்றைக் காலில் நாலு குதி குதித்தேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்ன சத்தம் என்று கேட்டார்.

மார்ச் 13, புதன்

ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியைக்குப் பணி ஓய்வு விழா. மிக்சரும் ஹெட்போனும் வாடகைக்கு எடுத்துப் போனேன்.

அதிலும் சத்தம் வரவில்லை.

திரும்பக் கொடுக்கும்போது வாடகைக் கடைக்காரனிடம் காரசாரமாகப் பேசினேன். அவன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். மறுபடி வைத்துப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். "நல்லாத்தான் கேக்குது" என்றான். போன வாரம்தான் வாங்கியது என்று பில்லை எடுத்துக் காட்டினான்.

ஹால் மேனேஜர், ரிப்பேர்க்காரர், வாடகைக் கடைக்காரன், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து காதில் வைத்துப் பார்த்த மச்சினன் – நாலு பேரும் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள். நாலு பேரும் சேர்ந்து என் காதில் பூச் சுற்றுகிறார்கள். பதினான்கு வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், சத்தம் வருகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாதா?

மார்ச் 15, வெள்ளி

ரிப்பேர்க்கடையில் எல்லாவற்றையும் மேசைமேல் வரிசையாக வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தாராம். "ஒண்ணுமே இல்ல தம்பி. புதுசு மாதிரி இருக்கு."

நான் கத்தினேன். கடையில் இருந்த இரண்டு பேர் வெளியே போய் நின்றுகொண்டார்கள். நான் ஹெட்போனை எடுத்து இடது காதில் வைத்து, "இதுல சத்தம் வருதுன்னு சொல்றீங்களா?" என்றேன்.

அவர் எழுந்து வந்தார். ஹெட்போனை என் கையில் இருந்து வாங்கி, இரண்டு காதையும் மூடுகிற மாதிரி என் தலையில் மாட்டினார். வலது பக்கம் கேட்டது. இடது பக்கம் இல்லை. "பாத்தீங்களா, ஒரு பக்கம் போயிருக்கு" என்றேன்.

ஹெட்போனைக் கழற்றினார். திருப்பினார். இடதை வலதாக்கி மறுபடி மாட்டினார்.

வலது பக்கம் கேட்டது. இடது பக்கம் இல்லை.

எவன் வந்து சத்தம் வரவில்லை என்று சொன்னாலும் நான் முதலில் சொல்வது இதுதான். ஒயரைத் திருப்பி மாட்டிப் பார், கோளாறு இடம் மாறுகிறதா இல்லையா பார். இடம் மாறினால் ஒயரில் கோளாறு. மாறாவிட்டால் கோளாறு வேறு இடத்தில். பதினான்கு வருடமாக ஊருக்கு உபதேசம். ஆறு நாளில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தக் கருமத்தை வலது காதுல வச்சுப் பாத்திருந்தா – ஏன் வைக்கல? கை அந்தப் பக்கம் போனதே இல்ல. ஹெட்போன்னா இடது காது, அவ்வளவுதான். மிக்சரை மாத்தினேன், லேப்டாப்பை மாத்தினேன், ஊர்ல இருக்கிறவனை எல்லாம் பொய்யன்னேன்.

ரிப்பேர்க்காரர் சொன்னார். "மெஷினை எடுத்துட்டுப் போ தம்பி. நீ டாக்டரைப் பாரு."

மார்ச் 16, சனி

காது டாக்டர் ஒரு அம்மா. சின்ன அறை, சுவரில் பெரிய காது படம். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து ஹெட்போன் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டுமாம். இடது காதுக்கு வந்தபோது நீண்ட நேரம் பட்டனுக்கு வேலை இல்லை. ஹெட்போனில் கோளாறோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த நினைப்பையும் எழுதி வைக்கிறேன்.

"எப்ப இருந்து கேக்கல?"

"ஒரு வாரமா."

"ஒரு வாரமா என்ன பண்ணீங்க?"

"ஹெட்போன் மாத்தினேன்."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். சத்தத்துக்குள் நின்று நின்று இந்தக் காது ரொம்ப நாளாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டிருந்திருக்கிறது. அது திரும்பாது. போன சனிக்கிழமை அதற்கு மேல் ஒரேயடியாக விழுந்தது வேறு. அதில் கொஞ்சம் திரும்பலாம். மறுநாளே வந்திருந்தால் இன்னும் நம்பிக்கையாகச் சொல்லியிருப்பாராம். பதினான்கு நாள் மாத்திரை. பெரிய சத்தம் இருக்கிற இடத்துக்குப் போகவே கூடாது.

"என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னேன். அவர் மறுபடி பேனாவை வைத்தார்.

மனைவி வேலை பார்ப்பது மருந்துக்கடையில். அதனால் ஊரின் அந்தக் கோடியில் உள்ள வேறு கடைக்குப் போய் மாத்திரை வாங்கினேன். மாற்றுப் பெட்டிக்குள், டார்ச்சுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அந்தப் பெட்டியை என்னைத் தவிர யாரும் திறக்க மாட்டார்கள்.

மச்சினன் கல்யாணத்துக்கு இருபத்திரண்டு நாள் இருக்கிறது.

மார்ச் 17, ஞாயிறு

இரண்டு நிகழ்ச்சிகளை விட்டுக்கொடுத்தேன். மெஷின் ரிப்பேரில் இருக்கிறது என்றேன். ஒரு விதத்தில் பொய் இல்லை.

இரண்டும் கூலிங் கிளாஸுக்குப் போயின. இந்த ஊரின் இன்னொரு டி.ஜே. அவன். ஹாலுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போடுகிறவன். ஒரு மிக்சர், ஒரு லேப்டாப், ஒரு ஹெட்போன், அவ்வளவுதான் அவன் கடை. மாற்று என்று ஒரு ஒயர்கூடக் கிடையாது. கேட்டால், "ஆண்டவன் பாத்துப்பான்ணே" என்பான். ஆண்டவனுக்கு எத்தனை ஹாலில் வேலை இருக்கும் என்று அவன் யோசித்ததே இல்லை.

மார்ச் 19, செவ்வாய்

வலது காதில் வைத்துப் பழகுகிறேன். மெல்லிய சத்தத்தில். இடது கையால் சோறு பிசைவது மாதிரி இருக்கிறது.

மார்ச் 21, வியாழன்

காலையில் மனைவி தட்டை வைத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள். "அந்த மாத்திரையை சாப்பாட்டுக்கு அப்புறம் போடணும். நீங்க வெறும் வயித்துல போடுறீங்க. வயிறு புண்ணாயிடும்."

நான் எந்த மாத்திரை என்றேன்.

"டார்ச்சுக்குப் பின்னாடி இருக்கே, அது."

டார்ச் பேட்டரி எடுக்கத் திறந்தாளாம். மாத்திரை அட்டையைப் பார்த்ததும் புரிந்துவிட்டதாம். பதினொரு வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறவளிடம் இருந்து மாத்திரையை மறைக்கப் பார்த்திருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குக்கூட என்னைவிட அறிவு இருக்கும்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

"நாலு மாசமா நான் ஏன் இந்தப் பக்கம் உக்காந்திருக்கேன்னு நினைச்சீங்க? ஃபேன் காத்துக்கா?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். மூணு தடவை சொன்னேன்." கொஞ்சம் யோசித்தாள். "எந்தப் பக்கம் நின்னு சொன்னேன்னுதான் ஞாபகம் இல்ல."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் எனக்கு அழுகை வந்துவிட்டது. தட்டில் சாப்பாடு இருந்தது, எழுந்து போகவும் முடியவில்லை. நாளைக்கு நான் அழவே இல்லை என்று சொல்லக்கூடாது, அதற்காக எழுதி வைக்கிறேன். பயமாக இருக்கிறது. சத்தம் கேட்காத டி.ஜே. என்றால் என்ன? மெஷின் மட்டும்தானே மிச்சம்.

உன் தம்பியிடம் இப்போதைக்குச் சொல்லாதே என்றேன். சரி என்றாள்.

மார்ச் 24, ஞாயிறு

மனைவி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறாள். நாற்பத்தொரு வயதில். எதற்கு என்றேன். "தம்பிக்குக் கல்யாணம் ஆயிட்டா உங்களுக்கு ஆத்திர அவசரத்துக்கு யார் வருவா?" என்றாள். நான்தான் ஓட்டுகிறேனே என்றேன். பதில் சொல்லவில்லை. அல்லது சொல்லி எனக்குக் கேட்கவில்லை.

மார்ச் 29, வெள்ளி

மாத்திரை முடிந்தது. இடது காதில் லாரி போவது கேட்கிறது. லாரி மட்டும். மனிதர்கள் எல்லாம் வாயில் துணியை வைத்துக்கொண்டு அடுத்த அறையில் இருந்து பேசுகிறார்கள்.

வலது காதில் ஹெட்போன் கொஞ்சம் பழகிவிட்டது. பாட்டுக்குப் பாட்டு சேர்கிறது. ஏப்ரல் 7 மாலை மூன்று மணி நேரம். வலது காதை வைத்துச் சமாளித்துவிடலாம். மூன்று மணி நேரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது?

ஏப்ரல் 2, செவ்வாய்

மறுபடி கண்ணாடிக் கூண்டு. மறுபடி பட்டன்.

டாக்டரம்மா இரண்டு தாளை மேசைமேல் வைத்து விளக்கினார். இடது காதில் கனமான சத்தம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. மெல்லிய சத்தம் திரும்பவில்லை, இனி திரும்பாது. பிறகு வலது காதின் தாளை எடுத்தார். மேலே ஒழுங்காகப் போகிற கோடு ஒரு இடத்தில் இறங்கியிருந்தது. பேனா முனையை அங்கே வைத்தார்.

"இதுவும் ஆரம்பிச்சிருக்கு."

"ஒரே ஒரு நிகழ்ச்சி டாக்டர். மச்சினன் கல்யாணம்."

"நான் என்ன சொல்ல முடியும்? இது போனா குடுக்கிறதுக்கு எங்கிட்ட வேற காது இல்ல."

ஏப்ரல் 3, புதன்

மாற்றுப் பெட்டியைத் திறந்தேன், துடைப்பதற்கு. மூடியின் உட்புறம் என் கையெழுத்து. மூன்றாவது விதி. மாற்றுப் பெட்டியில் இருந்து எடுத்ததை நம்பி அடுத்த நிகழ்ச்சிக்குக் கிளம்பாதே.

பதினான்கு வருடம் இடது காது. அது போனதும் வலது காது. ஒயருக்கு மாற்று, ஃபியூஸுக்கு மாற்று, டார்ச் பேட்டரியின் மாற்றுக்கும் ஒரு மாற்று. நான் வாங்காமலே இரண்டாகக் கிடைத்த சாமான் இது ஒன்றுதான். அதில் மாற்று எப்போதோ ஓடத் தொடங்கிவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை.

விதியை எழுதியவனே மீறலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். மீறுவதற்கு நல்ல காரணங்கள் நான்கு கிடைத்தன. நான்கையும் வேறு ஒரு டி.ஜே. என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

ஏப்ரல் 4, வியாழன்

கூலிங் கிளாஸைக் கூப்பிட்டேன். "அண்ணே, நீங்களா எனக்கு வேலை குடுக்குறீங்க? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றான்.

இருக்கிறது என்றேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

மச்சினனிடம் சொன்னேன். வலது பக்கம் உட்கார வைத்துச் சொன்னேன். நகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அறுபது பாட்டுப் பட்டியலைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

போகும்போது வாசலில் நின்று சொன்னான். "அத்தான், நம்ம வீட்டு விசேஷ ஃபோட்டோ எல்லாத்திலும் நீங்க மெஷினுக்குப் பின்னாடி குனிஞ்சு நிப்பீங்க. உச்சந்தலை மட்டும்தான் தெரியும். இந்தத் தடவை மேடையில வந்து நில்லுங்க."

மேடையை விட்டு இறங்கிப் போவதைப் பற்றி அவன் பேச்செடுக்கவில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

நேற்று வரவேற்பு. இரண்டு காதிலும் சத்தத்தைக் குறைக்கிற அடைப்பான். புதுச் சட்டை. என் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேடையில் நின்றேன். படம் எடுக்கிறவர் மூன்று முறை சிரிக்கச் சொன்னார்.

மாற்றுப் பெட்டியைக் கொண்டுபோயிருந்தேன். வேண்டாம் என்று மனைவி சொன்னாள். கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன். கூலிங் கிளாஸின் மேசைக்குப் பின்னால், திரைச்சீலை ஓரமாக வைத்தேன். "எதுக்குண்ணே, ஆண்டவன் –" என்று தொடங்கினான். இது அவர் கொடுத்தனுப்பியது என்றேன்.

ஏழு மணி இருக்கும். மச்சினனின் நாற்பது மோசமான பாட்டில் ஒன்று ஓடுகிறது, அத்தனை பேரும் ஆடுகிறார்கள். மணமகள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆடுகிறார். மேடையில் இருந்து பார்க்கிறேன். கூலிங் கிளாஸ் ஹெட்போனைக் காதில் அழுத்துகிறான். ஒயரை ஆட்டுகிறான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுகிறான். பத்து வருடப் பழக்கத்தில் அவன் கண்ணை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சின்னக் கண், அதில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

படம் எடுக்கிறவரைத் தாண்டி இறங்கினேன்.

"ஹெட்போன்ல சத்தம் வரலண்ணே."

"எந்தக் காது?"

"என்னண்ணே?"

"இன்னொரு காதுல வச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தான். வரவில்லை என்று தலையை ஆட்டினான். நல்லது, ஆள் சரியாக இருக்கிறான். மாற்று ஹெட்போனைக் கொடுத்தேன், வரவில்லை. மிக்சரைப் பார்த்தேன், முன்பக்க விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. இந்தத் தடவை மிக்சர்தான்.

பழைய ஃபோனை ஸ்பீக்கரில் செருகினேன். இருபது நிமிடப் பாட்டு ஓடத் தொடங்கியது. அவன் மிக்சரைக் கழற்றி என்னுடையதை மாட்டினேன். நாலு ஒயர். காதில் அடைப்பான் இருந்ததால் பாட்டு எங்கோ தூரத்தில் ஓடியது, கை மட்டும் வேலை செய்தது. நாற்பத்தாறு விநாடி. இதுவரை இல்லாத குறைச்சல். நாற்காலிப் பெரியவர் ஆட்டத்தை நிறுத்தவே இல்லை.

பாட்டு கைமாறியதும் கூலிங் கிளாஸ் என் கையைப் பிடித்துக்கொண்டான். என்னவோ சொன்னான். இடது பக்கம் நின்று சொன்னதால் கேட்கவில்லை. என்ன சொல்லியிருப்பான் என்று தெரியும்.

மறுபடி மேடைக்குப் போய் நின்றேன். படம் எடுக்கிறவர் சிரிக்கச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் இருந்தேன் போலிருக்கிறது.

ஏப்ரல் 12, வெள்ளி

கூலிங் கிளாஸ் கூப்பிட்டான். "அண்ணே, நாளைக்கு ஃப்ரீயா? பாட்டு போட வேண்டாம். பெட்டியோட வந்து வெளிய உக்காருங்க. நீங்க உக்காந்திருந்தா எனக்குக் கை நடுங்காது."

ஆண்டவன் என்ன ஆனார் என்று கேட்டேன். அவரும் வரட்டும் என்றான்.

மே 9, வியாழன்

மனைவி டிரைவிங் டெஸ்ட்டில் தோற்றாள். ரிவர்ஸில் கம்பத்தை இடித்தாளாம். கம்பம் அங்கே இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது என்கிறாள்.

மே 26, ஞாயிறு

இப்போது நான்கு டி.ஜே.க்கள் கூப்பிடுகிறார்கள். பக்கத்து ஊர்களில் இருந்தும். மாற்றுப் பெட்டி இரண்டாகிவிட்டது. இரண்டாவது, முதலாவதற்கு மாற்று.

வலது காதில் ஹெட்போன் வைத்து ஒரு பாட்டை இன்னொன்றோடு சேர்த்துப் பார்த்தேன், மெல்லிய சத்தத்தில், யாருக்கும் இல்லாமல். நன்றாகவே வந்தது. கழற்றி வைத்துவிட்டேன்.

ஜூன் 20, வியாழன்

இரண்டாவது டெஸ்ட்டில் தேறிவிட்டாள். கம்பத்தை நகர்த்தியிருந்தார்களாம்.

ஜூலை 14, ஞாயிறு

மதியம் ஒரு பிறந்தநாள். உள்ளே கூலிங் கிளாஸ், வெளியே வண்டியில் நானும் இரண்டு பெட்டிகளும். மூன்று மணி நேரம். செய்தித்தாளை இரண்டு தடவை படித்தேன், விளம்பரம் உட்பட. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத நாள்தான் இப்போது என் தொழிலில் நல்ல நாள். பழகிக்கொண்டு வருகிறேன்.

ஐந்து மணிக்கு மனைவி மருந்துக்கடையில் இருந்து நேராக வந்தாள். சாவியை வாங்கிக்கொண்டு ஸ்டியரிங் பக்கம் ஏறினாள். நான் இடது சீட்டுக்கு நகர்ந்தேன். அவள் என் வலது பக்கம்.

வழியெல்லாம் பேசினாள். கடை முதலாளியின் இருமல், தம்பி வீட்டுச் சமையலறையில் ஒழுகுகிற குழாய், கீழ்வீட்டுக்காரர் மறுபடி புகார் சொன்னது, மூன்று வருடம் முன்பு நான் மறந்துபோன ஒரு திருமண நாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. பதினாறு வருடமாக இந்த வண்டியில் இவ்வளவையும் பேசிக்கொண்டுதான் வந்திருக்கிறாளா? சேர்த்துப் பார்த்தால் எத்தனை மணி நேரம் வரும்?

சிக்னலில் நிறுத்தினாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "மேடை இல்லாம வருத்தமா இருக்கா?"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முன்பு என்றால் கேட்கவில்லை என்று சொல்லியிருப்பேன்.

"இருக்கு" என்றேன்.

தலையை ஆட்டினாள். பச்சை விழுந்தது. வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிட்டது. சாவியைத் திருப்பி மறுபடி கிளப்பினாள். பின்னால் இருந்தவன் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தான். அது இடது காதிலும் கேட்டது.